பழைய லைக்காவுல கம்பெனி வேலையா வெளி வேலையா, பார்த்து பிரிக்கிறது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைங்க வரிசையா இருக்குல்ல, அங்க பித்தளை அண்டா, பர்மா தேக்கு பெட்டி, எனாமல் தூக்குவாளின்னு கிடக்கிறதுக்கு நடுவுல எப்பவாச்சும் ஒரு கேமரா கண்ணுல படும். பர்மா, மலேயா, சிங்கப்பூர்னு போயிட்டு வந்த வீடுகள்ல இருந்து வந்த சாமான்தானே, அதனால கோடாக், ஆக்ஃபாவுக்கு நடுவுல லைக்காங்கிற ஜெர்மன் கேமராவும் ஒன்னு வந்துரும். போன வருஷம் எனக்கு அப்படி ஒன்னு கிடைச்சுச்சு. எனக்கு முன்னாடியே அதை மதுரைக்காரர் ஒருத்தர் பாத்துட்டு "நம்பரும் பாடியும் சேரல, டூப்ளிகேட்டு"ன்னு சொல்லி வச்சுட்டு போயிட்டாராம். அவர் சொன்னதுல பாதி சரிதான், நம்பரும் பாடியும் சேரவே இல்ல. ஆனா சேராததாலயே அது டூப்ளிகேட்னு முடிவு பண்ணுனதுதான் தப்பு. இதே மாதிரி நல்ல கேமரா எத்தனை பேரு கைய விட்டு போயிருக்கும்னு நினைச்சா மனசு கேக்கல, அதான் எனக்கு தெரிஞ்சதை எல்லாம் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

முதல்ல ஒன்னு புரிஞ்சுக்கணும். லைக்கா 1925ல லைப்சிக் சந்தையில வந்தப்ப அது ரொம்ப விலை கூடுன பொருள், ஒருத்தர் வாங்குனா ஆயுசுக்கும் அதுதான். அதனால அதை செஞ்ச லைட்ஸ் கம்பெனி புது மாடல் விட்டாலும் பழைய கேமரா வச்சிருக்கவங்களை கை விடல, உன் கேமராவை ஜெர்மனியில வெட்ஸ்லார்ல இருக்க எங்க ஃபேக்டரிக்கு அனுப்பு, நாங்க புது மாடல் அளவுக்கு மாத்தி தர்றோம்னு சொன்னாங்க. ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது தூரம் பாத்து ஃபோகஸ் பண்ற அமைப்பு, இல்லாததுல அதை வச்சாங்க, ஸ்லோ ஸ்பீடு, அதாவது ஷட்டர் நிதானமா மூடுற வேகம், இல்லாததுல அதை வச்சாங்க, ஷட்டரோட சேந்து ஃபிளாஷ் எரியுறதுக்கு ஃபிளாஷ் சிங்க் வச்சாங்க. ஆனா நம்பரை மட்டும் மாத்தல. டாப் பிளேட்டே புதுசா போட்டாலும் பழைய நம்பரையே அதுல திரும்ப பொறிச்சு குடுத்துட்டாங்க. அப்ப நம்பர் சொல்றது கேமரா பொறந்த தேதி, மேல இருக்க பாகம் சொல்றது அது கடைசியா கம்பெனிக்கு போயிட்டு வந்த காலம். இந்த ரெண்டையும் தனித்தனியா படிக்க தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுச்சு.

பாக்குறதுக்கு பெரிய கருவி ஒன்னும் வேணாம். தெற்கு ஆவணி மூல வீதி பக்கம் நகை வேலை செய்றவங்க கண்ணுல மாட்டிக்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒன்னு, சின்ன டார்ச் ஒன்னு, சுத்தமான பருத்தி துணி ஒன்னு, அவ்வளவுதான். ஸ்க்ரூ டிரைவரை வீட்டுலயே வச்சுட்டு போங்க. விலை பேசி வாங்குறதுக்கு முன்னாடி எந்த ஸ்க்ரூவையும் தொடக்கூடாது, கடைக்காரர் "தொறந்து பாருங்க தம்பி"ன்னு சொன்னாலும் தொடாதீங்க.

முதல் வேலை நம்பர். லைக்கா ரெண்டு, அதாவது பாடிக்குள்ளயே ரேஞ்ச்ஃபைண்டர் வச்ச முதல் மாடல், 1932ல 71,200 பக்கத்துல ஆரம்பிக்குது. லைக்கா மூணு 1933ல 1,07,600ஐ ஒட்டி, மூணு-ஏ 1935ல 1,56,200ஐ ஒட்டி, மூணு-பி 1938ல 2,40,000ல, மூணு-எஃப் 1950ல 5,25,000ஐ தாண்டி. இதை ஒரு சீட்டுல எழுதி பர்சுல வச்சுக்கோங்க, நான் வச்சிருக்கேன். இப்ப கணக்கு சுலபம். 71,200க்கு கீழ நம்பர் இருந்து மேல ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னல் இருந்துச்சுன்னா அது அப்படியே பொறந்திருக்க முடியாது, ஒன்னு கம்பெனி மாத்தி குடுத்திருக்கணும், இல்ல நம்பரோ பாடியோ பொய்யா இருக்கணும். 1,56,200க்கு கீழ நம்பர் இருந்து டயல்ல 1000, அதாவது செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு, இருந்தாலும் அதே கதைதான், ஏன்னா லைக்கா மூணுக்கு 500தான் உச்சம், 1000 வந்ததே மூணு-ஏலதான்.

நான் வாங்குன கேமரா நம்பர் 41 ஆயிரத்து சொச்சம். அது 1930 சரக்கு, லைக்கா ஒன்னுங்கிற மாடல். ஆனா கையில இருந்ததுல ரேஞ்ச்ஃபைண்டர் இருந்துச்சு, முன்னாடி ஸ்லோ ஸ்பீடு டயல் இருந்துச்சு, ரெண்டு பக்கமும் வார் மாட்டுற வளையம், கண்ணு வைக்கிற இடத்துல பவர் சரி பண்ற லீவர், எல்லாம் இருந்துச்சு, 1000 மட்டும் இல்ல. இங்கதான் நான் முக்கியமா சொல்ல நினைக்கிறது வருது, கம்பெனி மாத்துனா ஒரு செட்டா மாத்தும். லைக்கா மூணு அளவுக்கு மாத்துனா மூணுல என்னென்ன உண்டோ அதெல்லாம் சேர்ந்து வரும்: ஒரு செகண்டுல இருந்து இருபதுல ஒரு பங்கு வரைக்கும் போற ஸ்லோ டயல், பவர் லீவர், வளையம், அப்புறம் ரேஞ்ச்ஃபைண்டர்ல பாத்தா உருவம் ஒன்றரை மடங்கு பெருசா தெரியணும், லைக்கா ரெண்டுல அது உள்ளபடிதான் தெரியும். இதுல ரெண்டு இருந்து ரெண்டு இல்லைன்னா அங்கன கொஞ்சம் நின்னு யோசிக்கணும். என்னோடதுல நாலும் இருந்துச்சு. ரேஞ்ச்ஃபைண்டர்ல ஒரு கண்ணு வச்சு இன்னொரு கண்ணை தொறந்து தெருவுல நிக்கிற லைட் கம்பத்தை பாத்தேன், ரெண்டு கம்பமும் ஒரே அளவா இல்ல, உள்ள தெரிஞ்சது பெருசா இருந்துச்சு. அப்பவே முக்கால்வாசி நம்பிக்கை வந்துருச்சு.

ஆனா எப்பவும் முழு செட்டா மாத்துவாங்கன்னு எடுத்துக்காதீங்க, ஆளுக்கு ஏத்த மாதிரி சின்ன வேலையும் செஞ்சு குடுத்திருக்காங்க. சிங்க் மட்டும் வச்சது, செல்ஃப் டைமர் மட்டும் வச்சது, லென்ஸ் கழட்டி மாட்டுற மவுண்டை மட்டும் பொதுவான அளவுக்கு கொண்டு வந்ததுன்னு எல்லாம் உண்டு. கடைசியா சொன்னதுக்கு ஒரு நல்ல அடையாளம் இருக்கு. 1930ல லென்ஸ் மாத்துற மாடல் முதல்ல வந்தப்ப ஒவ்வொரு லென்ஸும் அந்தந்த பாடிக்கு தனியா பொருத்துனது, லென்ஸ்ல பாடி நம்பரோட கடைசி மூணு எண்ணை பொறிச்சிருப்பாங்க. 1931ல எல்லா பாடிக்கும் ஒரே அளவு, ஃபிலிம்ல இருந்து மவுண்ட் வரைக்கும் 28.8 மில்லிமீட்டர்னு வச்சதுக்கு அப்புறம் மவுண்ட் வளையத்துல, கடிகாரத்துல பன்னெண்டு இருக்க இடத்துல, ஒரு சின்ன பூஜ்யம் போட்டாங்க. முன்னாடி காலத்து நம்பர் இருந்து வளையத்துல பூஜ்யம் இருந்துச்சுன்னா அதை கம்பெனிக்கு அனுப்பி சரி பண்ணிருக்காங்கன்னு அர்த்தம். லென்ஸை கழட்டி டார்ச் அடிச்சு பாருங்க, அழுக்கு அடைச்சிருந்தா துணியால லேசா தொடைச்சா தெரியும்.

அடுத்தது மேல் பூச்சு. ஆரம்ப காலத்து லைக்கா எல்லாம் கருப்பு பெயின்ட், குமிழெல்லாம் நிக்கல். நிக்கலுக்கு ஒரு மஞ்சள் கலந்த வெதுவெதுப்பு இருக்கும், வெள்ளி கொலுசு பழசானா வருமே அந்த மாதிரி. குரோம் நீலம் கலந்த வெள்ளை, குளிர்ச்சியா இருக்கும். ட்யூப்லைட்டுல ரெண்டும் ஒன்னா தெரியும், கடைக்கு வெளிய வெயிலுக்கு கொண்டு வந்து பாருங்க, நம்ம ஊரு வெயில்ல எதுவும் மறையாது. குரோம் பாடி வந்தது 1933 வாக்குல. அதுக்கு முந்தின நம்பர்ல முழு குரோம் பாடி இருந்தா பின்னாடி மாத்துனதுதான், கம்பெனியே கருப்பை குரோமா மாத்தி குடுத்தது நிறைய உண்டு. பிரச்சனை எங்கன்னா வெளியாள் குரோம் போட்டது. அதை கண்டுபிடிக்க எழுத்தை பாக்கணும்: முலாம் போடுறதுக்கு முன்னாடி பஃப் அடிச்சா எழுத்தோட ஓரமெல்லாம் மழுங்கி, "லைக்கா"ங்கிற கையெழுத்து மாதிரி எழுத்துல மெல்லிசா வர்ற கோடெல்லாம் பாதி காணாம போயிரும், மூலையெல்லாம் சோப்பு கரைஞ்ச மாதிரி உருண்டு போயிருக்கும். கம்பெனி குரோம் ரொம்ப நைசான மேட் மாதிரி இருக்கும், சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரி கண்ணை பறிக்காது.

பொறிப்பை லென்ஸ் வச்சு நிதானமா பாருங்க, இதுக்கு மட்டும் அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. கம்பெனி பெயர் பொறிச்ச ஆழமும் நம்பர் பொறிச்ச ஆழமும் ஒரே மாதிரி இருக்கா, எண்ணெல்லாம் ஒரே கோட்டுல நிக்குதா, எண்ணுக்கு எண்ணு இடைவெளி ஒன்னா இருக்கா. கருப்பு பாடியில எழுத்து ஓரத்துல பெயின்ட் உதிர்ந்து பளபளன்னு புது பித்தளை தெரிஞ்சா அது சமீபத்துல யாரோ பொறிச்சது. தொண்ணூறு வருஷ பித்தளைக்கு அந்த பளபளப்பு இருக்காது, பழுப்பேறி கிடக்கும். அதே மாதிரி நம்பரை சுத்தி மட்டும் தட்டு லேசா குழி விழுந்த மாதிரி இருந்தா பழைய எண்ணை தேய்ச்சு எடுத்துட்டு புதுசு போட்டிருக்காங்க, தட்டை கண்ணு மட்டத்துக்கு தூக்கி ஓரமா வெளிச்சம் விட்டு பாத்தா அந்த குழி தெரியும்.

ஸ்க்ரூ தலை பத்தி தனியா சொல்லணும். லைட்ஸ் ஸ்க்ரூ சின்னது, வெட்டு நேரா நடுவுல, தலை சுத்தமா இருக்கும். நம்ம ஊர்ல ஒரு காலத்துல வெளிநாட்டு கேமராவும் அதோட பாகமும் இறக்குமதி பண்றதே பெரும்பாடு, அதனால கேமரா பழுதானா மெக்கானிக்குங்க கையில கிடைச்சதை வச்சு ஓட்டுனாங்க. ஸ்க்ரூ தொலைஞ்சா வாட்ச் ரிப்பேர்காரர்ட்ட ஒன்னு வாங்கி போட்டாங்க, இல்ல லேத் பட்டறையில கடைஞ்சு போட்டாங்க, மேல ஒட்டியிருக்க வல்கனைட்ங்கிற கருப்பு ரப்பர் உறை உதிர்ந்தா ரெக்சின் வெட்டி ஒட்டுனாங்க. இதை நான் குறையா சொல்லல, அவங்க இல்லைன்னா இந்த கேமராவெல்லாம் எடைக்கு போயிருக்கும். ஆனா வெளி வேலை வெளி வேலைதான், அதை கம்பெனி மாற்றத்தோட குழப்பிக்க கூடாது. என்னோட கேமராவுல பின்பக்கம் ரெக்சின், முன்னாடி ஒரு ஸ்க்ரூ மட்டும் தலை பெருசு. அதை பாத்துட்டுதான் முதல்ல வந்தவர் டூப்ளிகேட்னு சொல்லியிருக்கணும்னு நினைக்கிறேன். ஒரே உடம்புல கம்பெனி வேலையும் இருக்கலாம் பட்டறை வேலையும் இருக்கலாம், 1930ல பொறந்து, 1933க்கு அப்புறம் ஜெர்மனி போயி மூணாகி, அதுக்கப்புறம் நம்ம பக்கத்து மெக்கானிக் கையிலயும் வாழ்ந்த கேமரா அது.

துளையும் அப்படித்தான் பாக்கணும். கம்பெனி புதுசா ஒன்னை வைக்கும்போது அதுக்குன்னு செஞ்ச கூட்டையோ தட்டையோ போட்டிருவாங்க, துளை ஓரம் வட்டமா சுத்தமா இருக்கும், பூச்சு துளையோட உள் ஓரம் வரைக்கும் போயிருக்கும். வெளியாள் துளை போட்டா பூச்சு வெட்டுப்பட்டு உலோகம் தெரியும். ஃபிளாஷ் சாக்கெட்டுல இதை அதிகமா பாக்கலாம். கல்யாண வீட்டுக்கு போட்டோ எடுக்கிற ஸ்டுடியோகாரங்களுக்கு ஃபிளாஷ் இல்லாம முடியாது, அதனால ரெண்டாம் உலகப்போருக்கு முந்தின லைக்காவுல எங்கெங்கயோ துளை போட்டு சாக்கெட் வச்சிருப்பாங்க. பாடி முன்பக்கம், அடித்தட்டு, ஏன் ஸ்லோ டயலுக்கு பக்கத்துலயே வச்சதைக் கூட பாத்திருக்கேன். கம்பெனி வச்ச சிங்க்ல மூணு-எஃப்ல இருக்க மாதிரியே ஸ்பீடு டயலுக்கு அடியில 0ல இருந்து 20 வரைக்கும் எண்ணு போட்ட இன்னொரு வளையம் இருக்கும், சாக்கெட் பின்னாடி கண்ணு வைக்கிற இடத்து பக்கம் வரும். சாக்கெட் இருந்து அந்த வளையம் இல்லைன்னா கம்பெனி வேலையான்னு சந்தேகப்படுங்க.

மூணு-சி, மூணு-எஃப் விஷயம் இன்னும் ருசியானது. 1940ல வந்த மூணு-சில இருந்து பாடி ஒரே வார்ப்பு, பழசை விட கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளம். அதனால மூணு-ஏவை மூணு-சியா யாராலும் மாத்த முடியாது, கூடே வேற. ஆனா மூணு-சியை மூணு-எஃப் ஆக்கலாம், கம்பெனி நிறைய ஆக்கியிருக்கு. மூணு-எஃப் லட்சணம் எல்லாம் இருந்து நம்பர் 5,25,000க்கு கீழ இருந்தா அது அந்த ரகம். அப்புறம் மூணு-எஃப்லயே ரெண்டு ஜாதி: சிங்க் வளையத்து எண்ணு கருப்பா இருந்தா டயல்ல 30, 40, 60ன்னு போகும், சிவப்பா இருந்தா 25, 50, 75ன்னு போகும். 1954 வாக்குல செல்ஃப் டைமர் சேந்துச்சு. கருப்பை சிவப்பாக்குனதும் உண்டு, டைமர் பின்னாடி வச்சதும் உண்டு. இங்க ஒரு சுலபமான சோதனை, எந்த மாடலுக்கும் ஆகும்: மேல் டயலோட கடைசி எண்ணும் முன்பக்க ஸ்லோ டயலோட முதல் எண்ணும் ஒன்னாத்தான் இருக்கணும். மேல 25ல முடிஞ்சு முன்னாடி 30ல ஆரம்பிச்சா ரெண்டு கேமரா பாகத்தை யாரோ சேத்திருக்காங்க, கம்பெனி அப்படி அனுப்பாது. டயல்ல இன்னொன்னும் கவனிங்க, போருக்கு முந்தினதுல, பட்டனை அமுத்தி இருக்கிற வரைக்கும் ஷட்டர் தொறந்தே இருக்கிற இடத்துல ஜெர்மன் எழுத்து இசட் இருக்கும், மூணு-எஃப்ல பி இருக்கும்.

ஷட்டர் திரையையும் பாத்துருங்க. போர்க்காலத்து மூணு-சில சிலதுல திரை சிவப்பா இருக்கும். அதே காலத்து நம்பர்ல கருப்பு திரை இருந்தா பதற வேணாம், திரை கிழிஞ்சா மாத்தத்தான் செய்வாங்க. ஒன்னு சிவப்பு ஒன்னு கருப்புன்னு இருந்தாலும் அதை வச்சு மட்டும் முடிவுக்கு வராதீங்க.

இப்ப நிஜமான டூப்ளிகேட்டுக்கு வருவோம், ஏன்னா அதுவும் நம்ம பக்கம் வருது. சோவியத்ல கார்கிவ் ஊர்ல 1934ல இருந்து ஃபெட்னு லைக்கா ரெண்டை பாத்து ஒரு கேமரா செஞ்சாங்க, 1948ல இருந்து சோர்க்கி வந்துச்சு. அதுவே நல்ல கேமராதான், அதை தேய்ச்சு லைக்கான்னு பேரு போட்டு விக்கிறவங்கதான் தப்பு. தங்க முலாம், கழுகு படம், 1936 ஒலிம்பிக்ஸ் சின்னம், ராணுவ எழுத்து இதெல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சா உடனே லென்ஸை கழட்டுங்க. மவுண்டுக்கு உள்ள மேல் பக்கம் லென்ஸை தொட்டுக்கிட்டு இருக்க ஒரு சின்ன பாகம் தெரியும். லைக்காவுல அது உருண்டையான சக்கரம், விரலால லேசா தொட்டா உருளும். ஃபெட், சோர்க்கியில அது நாக்கு மாதிரி சப்பையா, உருளாது. இந்த ஒரு சோதனை பெரும்பாலான போலியை அங்கயே காட்டி குடுத்துரும். என்னோடதுல சக்கரம் உருண்டுச்சு, அதுக்கப்புறம்தான் பேரமே பேசுனேன்.

லைக்காவோட பிந்தின மாடலான எம்3 வச்சிருக்கவங்களுக்கு கொஞ்சம். 1954ல 7,00,000 நம்பர்ல ஆரம்பிச்சது. முதல்ல ஃபிலிம் நகர்த்த லீவரை ரெண்டு தடவை இழுக்கணும், 1958ல 9,19,000 பக்கம் வந்தப்ப ஒரே இழுப்பா மாறுச்சு. அதுக்கு கீழ நம்பர் இருந்து ஒரே இழுப்புல முடிஞ்சா கம்பெனியில மாத்தியிருக்கலாம். ஆரம்ப எம்3ல முன்பக்கம் ஃபிரேம் மாத்துற லீவர் கிடையாது, அது 1955ல வந்துச்சு, பழைய நம்பர்ல அது இருந்தா அதுவும் பின்னாடி வச்சது. உள்ள ஃபிலிமை அமுத்துற தட்டு முதல்ல கண்ணாடி, அப்புறம் உலோகம், பின்கதவை தொறந்தா தெரியும். லென்ஸ் மவுண்டுல மேல இருக்க ஸ்க்ரூ மேல அரக்கு மாதிரி ஒரு முத்திரை வச்சு எழுத்து குத்தியிருப்பாங்க. அது முழுசா இருந்தா கம்பெனிக்கு அப்புறம் வெளியாள் மவுண்டை கழட்டலைன்னு அர்த்தம். இல்லைன்னா பயப்பட ஒன்னும் இல்ல, யாரோ எப்பவோ தொறந்திருக்காங்க, அவ்வளவுதான்.

லைக்காவுக்கு போட்டியா ஜெர்மனியில 1932ல வந்த கான்டாக்ஸ் முதல் மாடல்லயும் இந்த கதை உண்டு. முதல்ல வந்ததுல ஸ்லோ ஸ்பீடு இல்ல, பின்னாடி சேத்தாங்க, பழசை திரும்ப வாங்கியும் சேத்து குடுத்தாங்க. நிக்கான்ல கொஞ்சம் உல்டாவா எச்சரிக்கையா இருக்கணும். 1949ல வந்த நிக்கான் எம்மோட பின் பகுதி நம்பர்ல ஃபிளாஷ் சாக்கெட் பொறக்கும்போதே வந்துச்சு. அதனால சாக்கெட்டை பாத்த உடனே பின்னாடி வச்சதுன்னு சொல்லிட கூடாது, நம்பரை பாத்துட்டு பேசணும்.

வாங்கி வீட்டுக்கு வந்த பிறகு சர்வீஸுக்கு குடுக்கிறதுக்கு முன்னாடி நாலு பக்கமும், மவுண்ட் உள்ளயும், நம்பரையும் செல்போன்ல பக்கத்துல வச்சு படம் எடுத்துருங்க. மெக்கானிக்ட்ட ரெண்டு விஷயம் அழுத்தி சொல்லுங்க. ஒன்னு, பாலிஷ் போடாதீங்கண்ணே, பெயின்ட் அடிக்காதீங்கண்ணே, எழுத்து அழிஞ்சா இவ்வளவு நேரம் படிச்ச அடையாளம் எல்லாம் போச்சு. ரெண்டாவது, மவுண்ட் வளையத்தை கழட்டுனா அடியில காகிதம் மாதிரி மெல்லிசா வாஷர் இருக்கும், அந்த 28.8 கணக்கு சரியா வர்றதுக்கு வச்சது, எத்தனை எந்த பக்கம் இருந்துச்சோ அதே மாதிரி திரும்ப போடணும். என்னோடதுல முன்னாடி யாரோ அதை தூக்கி போட்டிருந்தாங்க. தூரத்துல இருக்கது எதுவுமே தெளிவா விழல, முதல் ரோல்ல ராஜகோபுரம் பூரா மங்கல். மதுரையிலயே ஒரு லேத் பட்டறையில டெப்த் மைக்ரோமீட்டர் வச்சு நாலு மூலையிலயும் அளந்து, காகிதம் வெட்டி வச்சு, 28.8க்கு கொண்டு வர ரெண்டு சாயங்காலம் ஆச்சு. அதுக்கப்புறம் எடுத்த ரோல்ல கோபுரத்து மேல் நிலையில இருக்க பொம்மைங்க வரைக்கும் தனித்தனியா எண்ணலாம்.